‘இந்தா வந்துட்டேன்’ பாட்டில் கட் எங்கே?

சிரிப்பு ஒன்று இருக்கிறது, கண்டிப்பாகத் தருவேன். ஆனால் இப்போதே கையை நீட்டாதீர்கள், ஏனென்றால் அந்தச் சிரிப்பு ஓர் ஆள் தான் ஏமாந்தது தெரிந்து முழிக்கிற முழியில் இருக்கிறது, அவர் முழிக்கவேண்டுமென்றால் முதலில் ஏமாறவேண்டும், ஏமாறவேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வரவேண்டும், வரவேண்டுமென்றால் எங்கள் ஹில்டா அக்கா ஒரு பாட்டுப் பாடியிருக்கவேண்டும். ஆகவே பாட்டிலிருந்துதான் தொடங்கமுடியும். சிரிக்கிற வாயைக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனித் தெருவுக்குப் போகணும் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் முதலில் அமோனியா நெடியை நினைத்து மூக்கைத் தேய்த்துக்கொண்டு பிறகுதான் வண்டியைக் கிளப்புவார்கள். கம்பெனி கேட்டில் தொடங்கிக் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலில் முடிகிற ஒரே நேர் தெரு, வளைவு கிடையாது, முடுக்கு கிடையாது, கேட்டில் நின்று பார்த்தால் குருசடி மெழுகுவர்த்தி எரிகிறதா அணைந்ததா என்பதுவரை தெரியும். ஹில்டா அக்கா அந்தக் கம்பெனி ஆபீசில் போன் எடுக்கிற வேலை பார்க்கிறாள். மீன்பிடிப் போட்டுக்காரர்கள் ஐஸ் எங்கே என்று கேட்பார்கள், லாரி எங்கே என்று கேட்பார்கள், வீட்டிலிருந்து கூப்பிட்டு அம்மா நீ எங்கே என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு: “இந்தா வந்துட்டேன்.” அதற்கு அர்த்தம், பேசுகிற ஆள் இன்னும் குளிக்கவில்லை என்பது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். அது ஒரு மரியாதை.

அக்கா அதையே பாட்டாக்கினாள். பாட்டில் ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு வாசற்படியில் நிற்கிறாள். மாடியிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள், தையல்கடையிலிருந்து சிநேகிதி கூப்பிடுகிறாள், கம்பெனி வாசலிலிருந்து மேனேஜர் கூப்பிடுகிறார், குருசடிப் படியிலிருந்து ஒருவன் கூப்பிடுகிறான், ஒவ்வொருவருக்கும் அவள் இந்தா வந்துட்டேன் என்கிறாள். கல்யாண வீடியோ எடுக்கிற இசக்கிராஜ் அண்ணன், காலி ஐஸ் பெட்டிகளை கேட்டுக்கு முன்னால் ஆளுயரம் அடுக்கி, அதன்மேல் தன் போனை நரம்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். ஏற்பாடு என்னவென்றால், அக்கா ஒவ்வோர் இடத்துக்கும் மூச்சிரைக்க ஓடுவாள், ஓடுகிற பகுதியைப் பிறகு கட் பண்ணி எடுத்துவிடலாம் என்பது.

ஓடவேண்டிய வேலையே வரவில்லை. அக்கா வாசற்படியில் நின்று “இந்தா வந்துட்டேன்” என்று பாடினாள், பாடி முடிக்கும்போது தையல்கடையில் இருந்தாள். எங்கள் படியில் ஓர் ஈரப் பாதம், அடுத்த ஈரப் பாதம் தையல்கடைப் படியில், நடுவில் தெரு காய்ந்து கிடந்தது. அங்கிருந்து பாடினாள், மேனேஜர் பக்கத்தில் இருந்தாள். போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் இசக்கி அண்ணன் நிறுத்தவில்லை, அவர் நிறுத்தாததால் அக்காவும் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான்: “சுருதி வெலகிச்சா?”

இதில் சிரிப்பு இல்லை. சொன்னேனே, பொறுங்கள்.

அன்று மத்தியானமே கஸ்பார் அண்ணன் மாட்டிக்கொண்டார். தெருவின் அந்தக் கோடியில் கேரம் கிளப்பில் சிவப்புக் காயைக் குறிபார்த்துக் குனிந்திருந்தவருக்கு அவர் பெண்டாட்டி பிலோமி மைனி போன் போட்டு “எங்கன இருக்கிய?” என்று கேட்க, அவர் வழக்கம்போல “இந்தா வந்துட்டேன்” என்று சொன்னார், சொன்ன வாய் மூடுமுன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரலோடு அடுப்படியில் குனிந்து நின்றார். மைனி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “வந்ததுதான் வந்திய, அந்தத் தேங்காயத் துருவுங்க” என்றாள். அவர் துருவினார்.

பிறகு தெரு முழுக்க ஆட்கள் வந்துசேர ஆரம்பித்தார்கள். பாதிச் சவரத்தில் வந்தார்கள், வாயில் பற்பசை நுரையோடு வந்தார்கள், ஒரு செருப்போடு வந்தார்கள், தையல்கார அக்கா அளவுநாடா கழுத்திலும் குண்டூசி உதட்டிலுமாக வந்து, ரவிக்கை இன்னும் வெட்டவே இல்லை என்பதைக் கல்யாணப்பெண்ணின் அம்மா முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குளியலறையில் போன் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சட்டம் வந்தது. அப்படியும் தவறி வந்துவிடுகிறவர்களுக்காக ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் ஆணியில் ஒரு துண்டு தொங்கத் தொடங்கியது, அதற்கு வந்துட்டவங்க துண்டு என்று பெயர், அதை எடுத்து முகம் துடைக்கக் கூடாது, அடுப்புத் துணியாக்கக் கூடாது, துவைத்து மடிக்காமல் தொங்கவிடணும். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் வாயைத் திறப்பதில்லை. குருசடிப் பாடகர் குழு, எதற்கு வம்பு என்று, வந்தேன் என்கிற சொல் வருகிற பாட்டையெல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தது.

ஆண்கள் புதுச் சொற்கள் தேடினார்கள். கிளம்பிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார்கள், செருப்பு போட்டுட்டேன் என்று சொல்லிப் பார்த்தார்கள், ஆனால் இந்தா வந்துட்டேன் என்று சொல்லாத ஆம்பளை எதையோ மறைக்கிறான் என்பது பெண்களுக்கு உடனே விளங்கிவிட்டதால் அதுவும் செல்லவில்லை. கடைசியில் தெருவே அலுத்துப்போய் உண்மைக்கு இறங்கியது. “எங்கன இருக்கிய?” “இன்னும் குளிக்கல.” இதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம் என்று ஆனது.

தெருவுக்கென்று சில கண்டிப்புகள் இருந்தன. கேட்டுக்கு வெளியே நின்று சொன்னால் பலிக்காது. எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாரோ அவர் பக்கத்தில்தான் போய் நிற்கமுடியும், நினைத்த இடத்துக்கெல்லாம் போகமுடியாது. இன்னொன்று, சொல் அப்படியே இருக்கணும். சென்னையிலிருந்து லீவுக்கு வந்த எங்கள் மாமா மகன் தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன் என்று தொண்டை வறளக் கத்திப் பார்த்தான், ஓர் அங்குலம் நகரவில்லை. எங்கள் தெருவுக்கு அதன் பாஷைதான் தெரியும்.

கேட்டவர் பக்கத்தில் என்றேன் இல்லையா. நான் யார் குரலிலும் பேசுவேன். கம்பெனி சைரன், மீன் ஏலக்காரர், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு இணைப்பில் இருக்கிறார் என்கிற அந்த அம்மா, எல்லாரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள். பிலோமி மைனி குரலில் நான் எங்கள் கோழிக்கூட்டுக்குள் உட்கார்ந்து “எங்கன இருக்கிய?” என்றேன். கஸ்பார் அண்ணன் கோழிக்கூட்டுக்குள் வந்தார். இதற்கு வேண்டுமானால் லேசாகச் சிரித்துக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுத்தது இது இல்லை.

இப்போது ஏமாறப்போகிறவர் வருகிறார். பெயர் நிரஞ்சன். பாட்டு வீடியோக்களை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்கிற சேனல் வைத்திருக்கிறார். சென்னையில் சினிமாவில் சேராமல் தனியாகப் பாட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் கூடுகிற விழாவில் ஒரே ஷாட்டில் எடுத்த வீடியோக்களுக்கு அவர்தான் நடுவர். அவர் தேர்ந்தெடுக்கிற பாட்டுக்காரருக்கு விழா மேடை. இசக்கி அண்ணன் எங்கள் வீடியோவுக்குக் கீழே ‘ஒரே ஷாட், கட் கிடையாது’ என்று எழுதி அனுப்பியிருந்தார். நிரஞ்சன் சார் போன் செய்தார். நேரில் வருகிறேன், ஒரு கட் இருந்தாலும் கண்டுபிடிப்பேன், கண்டுபிடித்தால் பாட்டும் வெளியே, சேனலில் பெயரும் வெளியே என்றார்.

அக்கா அதுவரை போனில் ஐஸ் கேட்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் பாடியதில்லை. மேடை வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், தூக்கத்தில் மைக்கைச் சரிசெய்வாள். ஆனாலும் அன்று அம்மாவிடம் வேறு ஒன்றுதான் சொன்னாள்: “பாட்டு நல்லால்லன்னு சொல்லட்டும்மா, கேட்டுக்கிடுதேன். கள்ளின்னு சொல்லிட்டா நான் எந்த மொகத்த வச்சிப் பாடுவேன்?”

அவர் வந்தார். தங்கக்கனி அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் செருப்பைக் கழற்றிப்போட்டுச் சம்மணம் போட்டார், மடியில் லேப்டாப்பைத் திறந்தார், தெருவே சுற்றி நின்றது. அவர் குரல் எனக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே பிடிபட்டுவிட்டது, மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், ‘பாருங்க நண்பர்களே’ என்று தொடங்கி, எதிரே நண்பர்கள் இல்லாவிட்டாலும் நிறுத்தாத குரல்.

“பாருங்க நண்பர்களே, முதல் பிரேம். தெரு முழுக்கத் தெரியுது. எல்லாரும் அவளைக் கூப்பிடுறாங்க, கேமரா மட்டும் கூப்பிடல. அது நின்ன இடத்துல நிக்குது. அவ யாருக்கும் வேலை செய்யாம இருக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கேமராவோட பார்வைதான். பிரமாதம். இது எப்படித் தோணுச்சு?”

“பொட்டி மேல கட்டிட்டோம் சார்” என்றார் இசக்கி அண்ணன். “அவுக்க முடியல.”

“அடுத்து கலர். எல்லாக் கதவும் நீலம், ஜன்னல் நீலம், தையல்கடை நீலம். அந்தக் குளிருக்குள்ள அவ சுடிதார் மட்டும் ஆரஞ்சு. ஒரு தீக்குச்சி மாதிரி.”

“கம்பெனிக்கு அடிச்ச பெயின்ட்டு மிச்சம் சார், தெருவுக்கே ஊத்திக் குடுத்தாவ” என்றாள் பிலோமி மைனி.

“ஆரஞ்சு?”

“அதான் தொவைச்சிக் கெடந்துச்சு” என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் வாடிவிட்டார், ஆனால் விடவில்லை. “அந்த முடி. முதல் சரணத்துல தண்ணி சொட்டுது, ரெண்டாவதுல ஒட்டிக்கிட்டு இருக்கு, கடைசில காத்துல பறக்குது. ஒரு நாள் முழுக்க ஓடுனதை முடியிலயே சொல்லிட்டாங்க. கடைசியா யாரோ கூப்பிடுறாங்க, யாருன்னு காட்டல, அவ பதிலே சொல்லல. படியில உக்காந்து சிக்கெடுக்குறா. அதை மட்டும் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.”

“அது நான் நெனச்சி வச்சது சார்” என்றாள் அக்கா, சின்னக் குரலில். தெரு அவளைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை நாங்கள் எல்லாரும் அவள் சும்மா சிக்கெடுத்தாள் என்றே நினைத்திருந்தோம்.

“அப்ப கட்?” என்றார் அவர். “கட் எங்க இருக்கு?”

“காலைல பத்து மணிக்குப் போகும் சார்” என்றாள் மைனி. “மரத்த வெட்டுறோம்னு சொன்னா சாயங்காலந்தான் வரும்.”

“கரண்ட் கட்டைச் சொல்லலைங்க. வீடியோல. இங்க இருந்த பொண்ணு அங்க போறா, நடுவுல வெட்டாம எப்படி? இந்தா பாருங்க, அவ தாவுற அதே நேரத்துல ஒரு காக்கா குறுக்க பறக்குது, அது மட்டும் தாவல. ஏன்னா அந்தக் காக்கா கிராஃபிக்ஸ்.”

இந்தா பாருங்க என்று அவர் சொன்னதும் என் காது விடைத்தது. ஆனால் இந்தா மட்டும் போதாது.

தங்கக்கனி அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “சார், அது தெனமும் வந்து எங்கிட்ட பொறை திங்குது. நான் கிராஃபிக்ஸுக்கா பொறை போடுதேன்?”

சரி, நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அக்கா எங்கள் வாசற்படியில் நின்றாள். தையல்கடையிலிருந்து தையல்கார அக்கா “ஹில்டா, எங்கன இருக்க?” என்றாள். “இந்தா வந்துட்டேன்” என்றாள் அக்கா, தையல்கடையில் நின்றாள். அவர் வாய் திறந்தது. அத்தோடு விஷயம் முடிந்திருக்கும், அவர் நம்பியிருப்பார், அக்கா மேடை ஏறியிருப்பாள். ஆனால் நான் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், தொண்டை அரித்தது. அக்கா குரலிலேயே “சார், நல்லாத் தெரிஞ்சிச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டுவிட்டேன்.

அவர் தொடையில் தட்டினார். “ட்வின்ஸ்.”

ஓடிவந்து கதவைத் தள்ளினார், நான் கொல்லைப்புறமாக நழுவிவிட்டேன். “இன்னொருத்தி எங்க?” என்று அம்மாவைக் கேட்டார். “ரெட்டையாப் பெத்திருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றாள் அம்மா. மனிதர் கேட்கவில்லை. கஸ்பார் அண்ணன் அக்காவுக்காகத் தானாகவே முன்வந்து கேரம் கிளப்பிலிருந்து மைனி பக்கத்துக்கு வந்து காட்டினார். நிரஞ்சன் சார் அவரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “இவரும் ட்வின்ஸா, என்ன காஸ்டிங்” என்று வியந்தார். தெரு மொத்தமும் ஜோடி ஜோடியாக ஆள் பிடித்து வைத்திருக்கிறது என்று ஆகிவிட்டது. நடிப்புக்கு வேறு விருது தரலாம், ஒரே ஷாட்டுக்குத் தரமுடியாது என்றார். லேப்டாப்பில் எங்கள் அக்கா முகத்துக்குக் குறுக்கே ‘இரட்டைப் பொய்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு வைத்தார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்புமுன் அதைச் சேனலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

அக்கா கொல்லைக்கு வந்தாள். திட்டவில்லை. “லிடியா, வாயால கெடுத்தது நீ. வாயாலயே சரி பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது: அவர் வாயாலேயே அதைச் சொல்லவைக்கணும். இசக்கி அண்ணன் குரலில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து “சார், எங்க இருக்கீங்க?” என்றேன். “ஆன் த வே” என்றார், பெஞ்சிலிருந்து எழாமலே. அண்ணாச்சி குரலில் “பஜ்ஜி ஆறுது சார், எங்க போனீங்க?” என்றேன். “தோ வரேன்” என்றார். மேனேஜர் குரலில் கேட்டேன், “ரெண்டு நிமிஷம்” என்றார். குருசடி உபதேசியார் குரலில் கேட்டேன், கும்பிட்டார். சொந்தமாக ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்று எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

அப்போது அவர் போன் அடித்தது. பழைய போன், பேசுகிறவர் குரல் பெஞ்சு முழுக்கக் கேட்கும்.

“யய்யா, சாப்ட்டியா?”

அவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். தோளைக் குறுக்கினார். “சாப்ட்டேம்மா. பெறவு பேசுதேன், வையி.”

வைத்ததும் ஒருமுறை செருமி, பழைய குரலை எடுத்து மாட்டிக்கொண்டு, “சாரி, ஒரு கால்” என்றார். யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சி கவனிக்கவில்லை, மைனி கவனிக்கவில்லை. நான் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பெறவு பேசுதேன். சென்னையில் பிறந்த நாக்கு அப்புறம் பேசுறேன் என்று சொல்லும். பெறவு பேசுதேன் என்று சொல்ல ஆற்றுத் தண்ணீர் குடித்திருக்கணும், ஏரலோ ஆத்தூரோ, எங்கேயோ, இங்கே பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுமுன் வந்துவிடுகிற ஊர். இந்த மனிதர் அந்த நாக்கைச் சுருட்டி, மேலே ஒரு நாக்கைப் போட்டு மூடி, சேனல் நடத்திக்கொண்டிருக்கிறார்.

நான் எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். துணிக்கொடிக்குப் பின்னால் நின்றால் டீக்கடை நேர் எதிரே தெரியும். கீழே அவர் இடக்கையில் கடித்த பஜ்ஜியை வைத்துக்கொண்டு, வலக்கை ஆள்காட்டி விரலை லேப்டாப் மேல் நீட்டியிருந்தார், ஓர் அழுத்து அழுத்தினால் ‘இரட்டைப் பொய்’ ஊரெல்லாம் போய்விடும். அக்கா எங்கள் படியில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அம்மாவின் குரலை நான் கேட்டது இரண்டே சொல்தான். மீதியை எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கினேன், சாயங்காலம் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிற அலுப்பும், கோபம் மாதிரி இருக்கிற பிரியமும், கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பும்.

“யய்யா நிரஞ்சா. எங்கனய்யா இருக்க? சோறு ஆறுதுல்லா.”

அவர் தலை நிமிரவில்லை. யோசிக்கவில்லை. விரல் இறங்கிக்கொண்டே இருந்தது.

“இந்தா வந்துட்டேம்மா.”

மாடியில், கொடியில் தொங்கிய ஆரஞ்சு சுடிதாருக்கு இந்தப் பக்கம், என் முன்னால், சம்மணம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். இடக்கையில் பஜ்ஜி. வலக்கை விரல் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது, இன்னொருமுறை அழுத்தியது, பிறகு நின்றது. முதலில் அவர் தன் அம்மாவைத் தேடினார். கொடிக்குப் பின்னால் பார்த்தார், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் அம்மா குரலிலேயே, நிறுத்த மனமில்லாமல், “கைய கழுவிட்டு வாய்யா” என்றேன்.

எழுந்து கைப்பிடிச்சுவர் ஓரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். எதிரே டீக்கடை பெஞ்சு. அதன்மேல் அவர் லேப்டாப், திறந்தபடி, அக்கா முகத்தில் அந்தக் கொட்டை எழுத்தோடு, யாரும் அழுத்தாமல். அதன் கீழே அவர் செருப்பு இரண்டும், கழற்றிப் போட்டது போட்டபடி. பக்கத்தில் அவருக்கு ஊற்றிய டீயில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தெரு மொத்தமும் அண்ணாந்து அவரையே பார்த்தது. பிலோமி மைனி ஏற்கனவே வாசல் துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தாள், அவர் முழு உடுப்போடு இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். “பாருங்க நண்பர்களே, இப்ப இங்க என்ன நடந்துருக்குன்னா, அங்க உக்காந்திருந்த ஒருத்தன், இங்க. நடுவுல ஒரு கட். அந்தக் கட் எங்க இருக்குன்னா...”

விரலால் பெஞ்சிலிருந்து மாடிவரைக்கும் காற்றில் ஒரு கோடு இழுத்தார். பாதியில் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து இழுத்துப் பார்த்தார். கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார், அவர் கடித்த பல் அடையாளம் அதில் அப்படியே இருந்தது. படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். இத்தனை நேரம் மாட்டியிருந்த குரல் எங்கே கழன்று விழுந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

“ஏட்டி” என்றார் என்னிடம், மெதுவாக. “கட்டே இல்லியேட்டி.”